நாவில் நெருப்பு, கையில் கணக்கு: தடேயஸ் ஸ்டீவன்ஸுக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் தடேயஸ் ஸ்டீவன்ஸ் ஆற்றிய நாடாளுமன்றப் பணி அந்த நாட்டைக் கட்டியதா, பகையை வளர்த்ததா?" என்பது இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. கட்டியது என்ற அணியின் சார்பில் நான் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பென்சில்வேனியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குச் சென்ற இந்த மனிதரை ஒரு வன்மக்காரராக நம் முன் நிறுத்தினார். தம்முடைய இரும்பு உலையை, ஒன்றியத்தை விட்டுப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படை கொளுத்திய கோபத்தில் தெற்கையே கொளுத்த நினைத்தவர் என்றார். அரசமைப்பைக் கால்தூசாக மதித்தவர் என்றார். லிங்கன் பொறுமையாக நூற்ற நூலை அவசரப்பட்டு அறுக்கப் பார்த்தவர் என்றார். கைத்தட்டலும் பெற்றார். ஆனால் போர் நடந்த அந்த நான்கு ஆண்டுகளும் ஸ்டீவன்ஸ் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் தீர்ப்புக் கேட்பது, கணக்குப்பிள்ளையின் பேரேட்டைத் திறக்காமல் அவருடைய வாய்த்துடுக்கை மட்டும் வைத்துக் கடையின் இலாப நட்டத்தை எழுதுவது போன்றது.

எங்கள் அணிக்குப் பாதகமான ஒன்றை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே. 1821ஆம் ஆண்டு, கெட்டிஸ்பர்க்கில் வளர்ந்துவந்த இளம் வழக்கறிஞராக இருந்த ஸ்டீவன்ஸ், சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண்ணுக்கு எதிராக, அவளுடைய உடைமையாளர் பக்கம் நின்று வாதாடினார். அடிமை ஒருவரை உடைமையாளரே பென்சில்வேனியாவுக்குள் கொண்டுவந்து ஆறு மாதம் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை என்பது அந்த மாநிலத்தின் சட்டம். விட்டுவிட்டுத் தங்கிய நாள்களைக் கூட்டி ஆறு மாதம் ஆக்கக் கூடாது, தொடர்ச்சியாகத் தங்கியிருக்க வேண்டும் என்று வாதாடி ஸ்டீவன்ஸ் வென்றார். அந்தப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பினார்கள். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. ஆனால் அதன் பிறகு வந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

1837-38இல் பென்சில்வேனியா தன் மாநில அரசமைப்பைத் திருத்தக் கூடியபோது, வாக்குரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே என்று எழுதிவைத்தார்கள். அந்த மாநாட்டின் உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ், அந்த ஒரு சொல்லுக்காக அந்த ஆவணத்தில் கையெழுத்திட மறுத்தார். 1850இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்துப் பேசினார். அடுத்த ஆண்டு, லான்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானா ஊரில், தப்பி வந்தவர்களைப் பிடிக்கப் போன மேரிலாந்து உடைமையாளர் ஒருவர் கொல்லப்பட்டு, ஊர்க்காரர்கள் மீது தேசத் துரோக வழக்குத் தொடுக்கப்பட்டபோது, அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். தென்னகத் தளபதி ஜூபல் எர்லியின் படை கலிடோனியாவில் இருந்த அவருடைய இரும்பு உலையைக் கொளுத்தியது 1863 ஜூன் 26ஆம் நாள். இப்போது எதிரணித் தலைவர் சொல்லட்டும்: 1863இல் எரிந்த உலைக்காக 1838இலேயே ஒருவர் வன்மம் கொள்ள முடியுமா? உலை எரிந்த செய்தி வந்தபின் அவர் எழுதிய கடிதமும் இருக்கிறது. இந்தப் போரில் எல்லாரும் இழக்கத்தான் வேண்டியிருக்கும், நாடு முழுவதும் அரசு மீண்டும் நிலைபெற்று, அடிமைமுறையின் சுவடுகூட மிஞ்சாமல் போகுமானால் தம் பங்குக்கு இழந்ததை மலிவான விலையாகவே கருதுவதாக அதில் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான அலன்சன், சிக்கமாகா போர்க்களத்தில் மாண்டார். தனிப்பட்ட வன்மத்துக்கு அவரிடம் காரணம் இருந்தது உண்மைதான். ஆனால் கொள்கை அதற்கு இருபத்தைந்து ஆண்டு மூத்தது.

இனி பேரேட்டைத் திறக்கிறேன்.

1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையில் போர் தொடங்கியது. ஜூலை 4ஆம் நாள் லிங்கன் நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அப்போது பிரதிநிதிகள் சபையின் வழிவகைக் குழுவுக்குத் தலைவராக அமர்ந்தவர் 69 வயதான ஸ்டீவன்ஸ். வரவுக்கு ஒரு குழு, செலவு ஒதுக்கீட்டுக்கு ஒரு குழு, வங்கிகளுக்கு ஒரு குழு என்று பின்னாளில் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பாகப்பிரிவினை 1865இல்தான் நடந்தது. போர் முடியும்வரை வரி, கடன், படைச் செலவு, பணத்தாள் ஆகிய அத்தனையும் இந்த ஒரே குழுவின் மேசைக்குத்தான் வந்தன. சிப்பாயின் சம்பளமும் பீரங்கியின் விலையும் கோவேறு கழுதையின் தீவனமும் இவர் குழுவைத் தாண்டாமல் போக முடியாது. 25 கோடி டாலர் கடன் வாங்கும் மசோதாவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதம் கிடையாது என்று வரம்பு கட்டி, அந்த ஜூலை மாதத்திலேயே சபையில் நிறைவேற்றியவர் இவர். பிறவியிலேயே வளைந்த பாதம் உடையவர், நடப்பதற்குச் சிரமப்பட்டவர், இந்த வேகத்தில் சபையை நடத்தினார்.

அந்தக் கடனும் போதவில்லை. 1861 டிசம்பர் இறுதியில் நியூயார்க் வங்கிகள் தாள்களுக்குப் பொன் தருவதை நிறுத்திவிட்டன. அரசுக் கருவூலமும் அவற்றின் வழியே போக வேண்டியதாயிற்று. களத்தில் நின்ற படைக்குக் கொடுக்கப் பணமில்லாத நிலையில்தான், பஃபலோ நகரத்து உறுப்பினர் எல்பிரிட்ஜ் ஸ்பால்டிங் எழுதிய மசோதா குழுவுக்கு வந்தது. பொன்னாக மாற்றித் தருவோம் என்ற உறுதிமொழி இல்லாத தாளை அரசே அச்சிடும். எந்தக் கடனுக்கும் அதை வாங்கிக்கொள்ள யாரும் மறுக்கக் கூடாது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் நோட்டும் இதே வகைதான் என்பதால் நமக்கு வியப்பாக இல்லை. அன்று அது தெய்வக் குற்றம் போலப் பேசப்பட்டது. ஸ்டீவன்ஸ் அதைச் சுமந்து 93க்கு 59 என்ற வாக்கில் சபையைக் கடத்தினார். 1862 பிப்ரவரி 25இல் 15 கோடி டாலருக்கான சட்டமானது. பின்பக்கத்துப் பச்சை மையினால் மக்கள் அதைப் பச்சை நோட்டு என்றார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எதிரணியினர் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். மேலவையான செனட் அந்த மசோதாவில் கைவைத்தது. அரசுக் கடன் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு வட்டியைப் பொன்னாகத்தான் தர வேண்டும், அதற்காகச் சுங்க வரியையும் பொன்னாகத்தான் வாங்க வேண்டும் என்று திருத்தியது. ஸ்டீவன்ஸ் கொதித்தார். வங்கிக்காரருக்கும் தரகருக்கும் ஒரு பணம், மக்களுக்கு வேறொரு பணம் என்று நாட்டில் இரண்டு வகைப் பணத்தை உண்டாக்குகிறீர்கள் என்று சபையில் பேசினார். அவ்வளவு பேசிவிட்டு என்ன செய்தார்? மசோதாவைக் கிழித்து எறிந்தாரா? இரு அவைகளின் சமரசக் குழுவில் உட்கார்ந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். ஏனென்றால் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எதிரணித் தலைவர் காட்டிய படபடப்புக்காரர் இப்படி நடந்துகொள்வாரா என்பதை நடுவர் அவர்களின் முடிவுக்கு விட்டுவிடுகிறேன்.

பச்சை நோட்டால் விலைவாசி ஏறியதே என்பார்கள். ஏறியது. 1864 கோடையில் ஒரு பச்சை நோட்டு டாலருக்குப் பொன்னில் 40 காசுகூடப் பெறாத நாள்களும் இருந்தன. ஆனால் அதே காலத்தில் தெற்கே என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் அரசான தென்கூட்டமைப்பு வரி விதிக்கத் தயங்கி, தாளை மட்டும் நம்பி அச்சடித்துக்கொண்டே போனது. முடிவில் அதன் பணம் வெறும் காகிதமாயிற்று. வடக்கில் தாளோடு வரியும் வந்தது. 1862 ஜூலை 1ஆம் நாளின் உள்நாட்டு வருவாய்ச் சட்டம், மதுவுக்கும் புகையிலைக்கும் தொழில் உரிமங்களுக்கும் வரி போட்டதோடு, ஆண்டுக்கு 600 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு நூற்றுக்கு 3, 10,000 டாலருக்கு மேல் நூற்றுக்கு 5 என்று வருமான வரியையும் விதித்து, அதை வசூலிக்க ஓர் ஆணையரையும் நியமித்தது. இன்றைய அமெரிக்க வருமான வரித் துறையின் பிறப்புச் சான்றிதழ் அந்தச் சட்டம்தான். வரி போட்டவரை எந்த ஊரிலும் யாரும் பாராட்டுவதில்லை. அதனால்தானோ என்னவோ எதிரணியினர் இதைப் பேசாமல் விட்டார்கள்.

அதே நாளில் கையெழுத்தான பசிபிக் இருப்புப்பாதைச் சட்டத்தில், தண்டவாளங்கள் அமெரிக்க இரும்பால்தான் செய்யப்பட வேண்டும் என்ற விதிக்காக இந்த இரும்பு உலைக்காரர் பாடுபட்டதும் உண்மை. அதில் சொந்த நலனின் வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

லிங்கனுக்கு வருகிறேன். 1861 ஜூலை 22ஆம் நாள், இந்தப் போர் அடிமைமுறையில் தலையிடுவதற்காக நடக்கவில்லை, ஒன்றியத்தைக் காப்பதற்காகவே நடக்கிறது என்று பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் போட்டது. எதிர்த்து விழுந்தவை இரண்டே வாக்குகள். ஸ்டீவன்ஸ் அதற்கு வாக்களிக்க மறுத்தார். அன்றைய நிலையில் அவர் தனிமரம். அதே தீர்மானத்தை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும் என்று டிசம்பரில் கொண்டுவந்தபோது, சபை 71க்கு 65 என்ற கணக்கில் அதை ஓரங்கட்டிவிட்டது. ஐந்து மாதத்துக்குள் சபை இடம் மாறியிருக்கிறது. இதற்கிடையில் லிங்கன் என்ன செய்துகொண்டிருந்தார்? மிசூரியில் கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த தளபதி ஃப்ரீமான்ட்டின் ஆணையை மாற்றச் சொன்னார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் தளபதி ஹன்டரின் ஆணையையும் செல்லாது என்றார். அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தை விட்டுப் பிரியாத எல்லைப்புற மாநிலங்கள் கைவிட்டுப் போய்விடும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது; நான் லிங்கனைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்த சட்டத்தையும், ஜூலையில் கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளை விடுவித்த பறிமுதல் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகுதான், 1863 ஜனவரி 1ஆம் நாளின் விடுதலைப் பிரகடனம் வந்தது. பாதையில் முள்ளை வெட்டிக்கொண்டு ஒருவர் முன்னே போகிறார், பின்னால் தேர் வருகிறது. தேரில் இருப்பவரை வணங்குவோம், தவறில்லை. முள் வெட்டியவரைப் பார்த்து, நீ தேரை மறித்தாய் என்று சொல்லலாமா? இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னனின் கதி என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்த நமக்கு, லிங்கனுக்கு ஒரு ஸ்டீவன்ஸ் ஏன் தேவைப்பட்டார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் இப்படித்தான் நடந்தது. 1863இன் தொடக்கத்தில் ஒன்றரை இலட்சம் கறுப்பினச் சிப்பாய்களைத் திரட்டும் மசோதாவை ஸ்டீவன்ஸ் சபையில் நிறைவேற்றினார்; இருக்கும் சட்டமே போதும் என்று செனட் அதைக் கிடப்பில் போட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் பணிபுரிந்திருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர்; கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். ஒரே குண்டு, இரண்டு விலை. அந்த அநீதி 1864 ஜூனில்தான் சட்டப்படி நீங்கியது. சமச் சம்பளத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர்களில் முன்வரிசையில் இருந்தவர் ஸ்டீவன்ஸ்.

அரசமைப்பை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு எதிரணியினரிடம் ஒரு சான்று இருக்கிறது. கிளர்ச்சியில் இறங்கிய வர்ஜீனியாவிலிருந்து பிரித்து மேற்கு வர்ஜீனியாவைத் தனி மாநிலமாகச் சேர்க்கும் விவாதத்தில், வர்ஜீனியாவின் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று மற்றவர்கள் சட்டப் போர்வை போர்த்தியபோது, இதற்கு அரசமைப்பில் இடமில்லை, போர்ச் சட்டம் தரும் அதிகாரத்தால்தான் வாக்களிக்கிறேன் என்று ஸ்டீவன்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். பொய்யான சட்டக் காரணத்தை விட உண்மையான காரணத்தைச் சொன்னவர் அரசமைப்பை அவமதித்தாரா என்பது வாதத்துக்குரியது. ஆனால் அடிமைமுறையை நிரந்தரமாக ஒழிக்க அவருடைய தரப்பு எந்த வழியில் போனது என்பது வாதத்துக்கு இடமில்லாதது: அரசமைப்பே வகுத்த திருத்த வழி. 1864 ஜூனில் 13ஆம் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 93க்கு 65 என்று வந்து, மூன்றில் இரு பங்கு இல்லாமல் தோற்றது. ஏழு மாதம் பொறுத்திருந்தார்கள். 1865 ஜனவரி 31ஆம் நாள் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. விழுந்த வாக்குகளின்படி 117 வேண்டும், கிடைத்தது 119. அரசமைப்பைக் கால்தூசாக மதிப்பவர்கள் இரண்டு வாக்கு மிச்சத்துக்காக ஏழு மாதம் காத்திருப்பதில்லை.

போர் முடிந்தபின் நடந்த நிலப் பிரச்சினையைப் பகைக்குச் சான்றாகக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். 1865 செப்டம்பரில் லான்காஸ்டரில் பேசிய ஸ்டீவன்ஸ், தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த, 70,000 பேருக்கும் குறைவான பெருநிலக்காரர்களின் நிலத்தை எடுத்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுத்து, எஞ்சியதை விற்றுப் போர்க் கடனையும் சிப்பாய்களின் ஓய்வூதியத்தையும் அடைக்கலாம் என்றார். சிறு நிலம் வைத்திருந்த வெள்ளை உழவரைத் தொடவில்லை. பழிவாங்குகிறவர் ஊரையே கொளுத்துவார். இவர் கணக்குப் பார்த்துத் தலைக்கட்டைக் குறித்தார். அவருடைய சொந்தக் கட்சியே அதற்கு இசையவில்லை, திட்டம் செத்தது. விடுதலை கிடைத்தவன் பழைய எசமானின் வயலிலேயே குத்தகைக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டு நின்ற நூறாண்டுக் கதை அந்தத் தோல்வியிலிருந்து தொடங்குகிறது என்பது என் தனிப்பட்ட கருத்து. 1868இல், லிங்கனுக்குப் பின் வந்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது கொண்டுவந்த பதவி நீக்க முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நடக்க முடியாத ஸ்டீவன்ஸை நாற்காலியில் தூக்கிக்கொண்டு அவைக்கு வந்தார்கள். குற்றப் பத்திரிகையில் அவர் எழுதிய பதினோராவது பிரிவு செனட்டில் 35க்கு 19 என்று வந்து, மூன்றில் இரு பங்குக்கு ஒரே வாக்குக் குறைந்து தோற்றது. அந்த வழக்கு பலவீனமாகவே கட்டப்பட்டிருந்தது. அதே ஆகஸ்டில் அவர் இறந்தார்.

அந்த முயற்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1866 ஜூன் 13ஆம் நாள், 14ஆம் திருத்தத்தின் இறுதி வடிவம் சபைக்கு வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்தவரெல்லாம் குடிமக்கள், எல்லாருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்று சொன்ன அந்தத் திருத்தம், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையை நேரடியாகத் தரவில்லை. ஸ்டீவன்ஸ் எழுந்து, தம் கனவு கலைந்துவிட்டதென்று மறைக்காமல் சொன்னார். பிறகு ஏன் இந்தக் குறையுள்ள திட்டத்தை ஏற்கிறேன் என்று தாமே கேட்டு, தேவதைகளுக்கு நடுவில் வாழாமல் மனிதர்களுக்கு நடுவில் வாழ்வதால்தான் என்று விடை சொன்னார். எதிரணித் தலைவர் காட்டிய வெறியரின் வாயிலிருந்து வந்த வார்த்தை இது.

கடைசியாக, எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கணக்கை விட்டுச் செல்கிறேன். பழைய அரசமைப்பில், பிரதிநிதிகள் சபையின் இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்றாக எண்ணினார்கள். அடிமைமுறை ஒழிந்ததும் அவர்கள் முழு ஆள்களாக எண்ணப்படுவார்கள்; ஆனால் வாக்கு மட்டும் கிடையாது. அதாவது கிளர்ச்சி செய்து தோற்ற மாநிலங்கள், தாங்கள் அடிமைப்படுத்தியிருந்தவர்களின் தலைகளைக் காட்டியே முன்னைவிட அதிக இடங்களோடு திரும்பி வரும். 1865 டிசம்பரில் ஸ்டீவன்ஸ் இதைச் சபையில் எண்ணிக் காட்டினார்: அடிப்படையை மாற்றாவிட்டால் தெற்குக்கு 83 இடங்கள், வாக்கு மறுக்கப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 46. வடக்கிலுள்ள கூட்டாளிகளோடு சேர்ந்து அந்த 83 பேர் நாடாளுமன்றத்தையே கையில் எடுப்பார்கள் என்று எச்சரித்தார். அந்த மாதம் 4ஆம் நாள் சபை கூடியபோது, அவருக்கு நெருக்கமான எழுத்தர் எட்வர்ட் மெக்ஃபெர்சன், பெயர்ப் பட்டியலைப் படிக்கையில் அந்த மாநிலங்களின் உறுப்பினர்களை அழைக்காமலே கடந்துபோனார். பகை என்று எதிரணியினர் சொல்லும் செயல்களிலெல்லாம் பெரியது இதுதான். அடுத்த மாதமே ஜார்ஜியா தன் செனட் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். அதற்குச் சில மாதங்களுக்கு முன்வரை தென்கூட்டமைப்பின் துணை அதிபராக இருந்தவர் அவர். அன்று அந்தப் பெயர்கள் படிக்கப்பட்டிருந்தால், 14ஆம் திருத்தத்துக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை நண்பர் இந்த மேடையில் எண்ணிக் காட்டட்டும்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.